இடது காலுக்கு ஒரு வேலை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டால் அந்த டயாலிசிஸ் சென்டரில் பாதிப் பேர் விழிப்பார்கள். எல்லாருக்கும் அவர் பஞ்சு. “பஞ்சு வந்தாச்சா?”, “என்னைப் பஞ்சு வண்டியில ஏத்தி விடுங்க” என்றுதான் பேச்சு. ஆளைப் பார்த்தால் பஞ்சு என்று சொல்ல முடியாது. கட்டையான உடம்பு, கரடுமுரடான கை, தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. பெயர் வந்தது அவர் வண்டி ஓட்டும் விதத்தால். கியர் மாறுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வண்டி நின்றதுகூடச் சில பேருக்குத் தெரியாது. கதவைத் திறந்து, “வீடு வந்துடுச்சும்மா” என்று சொன்ன பிறகுதான் கண் விழிப்பார்கள்.

அந்தப் பதவிசு சும்மா வந்ததல்ல. ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை முட்டை வண்டி. கிளட்சை ஒரு நூல் முன்னாடி விட்டால் போதும், பின்னால் அடுக்கிய தட்டுகளிலிருந்து ‘களுக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே அவருடைய இடது கால் படிப்பாளி ஆனது. அப்புறம் பள்ளிக்கூட வேன். பிள்ளைகள் முட்டையைவிடக் கெட்டிதான், ஆனால் முட்டை வாந்தி எடுக்காது. அங்கேயும் கால் கொஞ்சம் படித்தது. அதன் பிறகுதான் கடவுள் அவரை இந்த சென்டருக்குக் கொண்டுவந்து விட்டார். சிறுநீரகம் கைவிட்டவர்கள் அங்கே வந்து, மணிக்கணக்காகப் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, பிழிந்து போட்ட துணி மாதிரி எழுந்து வருவார்கள். ஒரு சின்னக் குலுக்கல் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். அவர்களைக் கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும் பஞ்சுவின் வேலை.

“முதல்ல எதுக்கு முட்டையைக் கொடுத்தான்னு இப்பதான் புரியுது” என்று மனைவியிடம் ஒருநாள் சொன்னார்.

சென்டருக்கு இரண்டு வண்டிகள். இரண்டும் கிளட்ச் வண்டி, இரண்டுக்கும் வயதாகிவிட்டது. ஒன்றைப் பஞ்சு ஓட்டுவார், இன்னொன்றை மீசை ஓட்டுவான். மீசைக்கு மீசை கிடையாது. ஒரு காலத்தில் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டான், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை கிளட்ச் தட்டு தேய்ந்து மீசையின் வண்டி படுத்துவிட்டது. சாமான் எங்கோ தூரத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். நோயாளிகள் சாமானுக்காகக் காத்திருக்க முடியுமா? மானேஜர் புது வண்டி பார்க்கக் கிளம்பினார். துணைக்குப் பஞ்சுவும் போனார்.

ஷோரூமில் வரிசையாக நின்ற வண்டிகளுக்குள் பஞ்சு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எல்லாவற்றிலும் கீழே இரண்டு மிதிதான்.

“கிளட்ச் வெச்ச வண்டி இல்லீங்களா?”

“சொல்லி வெச்சா வரும்ண்ணே” என்றார் விற்கிறவர். “ஆனா இப்ப யாரும் சொல்லி வைக்கிறதில்லை. எங்க அப்பாவே ஆட்டோமேட்டிக்குக்கு மாறிட்டார்.”

“அப்பாவுக்கு என்ன வயசிருக்கும்?”

“உங்க வயசுதான் இருக்கும்.”

மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். பஞ்சுவும் சிரித்தார், அரை கிளட்சில்.

இன்றில்லாவிட்டால் நாளை மற்றதும் படுத்துவிடும் என்று மானேஜர் இரண்டாகவே வாங்கிவிட்டார், புது வண்டிகள் வந்து சேர்ந்தன. பழையவை மாதக் கடைசியில் கைமாறிவிடும் என்று ஏற்பாடு. மீசை புது வண்டியில் ஏறி உட்கார்ந்த நிமிஷமே அதனோடு உறவாகிவிட்டான்.

“ஒண்ணுமே இல்லண்ணே. ‘டி’யில தள்ளு, பிரேக்கை விடு, அதுவே நகரும்.”

“அதுவே நகருமா? அப்ப நான் எதுக்கு?”

“நீங்க சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க.”

“சரி, இடது கால்?”

“அதுக்கு லீவு.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லீவு கொடுத்தது மீசை. காலைக் கேட்டுக் கொடுக்கவில்லையே.

முதல் சில நாள் பஞ்சு ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து ஓட்டினார், ஒரு வம்பும் இல்லை. வினை வந்தது, யோசிக்காமல் ஓட்டத் தொடங்கிய பிறகு.

அன்று வண்டியில் இருந்தவர் ஸ்டாம்ப் அம்மா. தபாலாபீசில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பெயர். வாரத்தில் மூன்று முறை சென்டருக்கு வருவார். கணவர் இல்லை, மகள் வெளியூரில். பஞ்சு வண்டி என்றால் மட்டும்தான் ஏறுவார். சிகிச்சை முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் துணி வைத்து இறுக்கிப் பிளாஸ்திரி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் ஒரு திருப்பம். வேகம் குறைந்தது. திருப்பத்தில் வேகம் குறைந்தால் கிளட்சை மிதித்து இரண்டாம் கியருக்கு வர வேண்டும். காலுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுந்தது, போனது, அடி வரைக்கும் அழுத்தியது.

கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தின் பக்கத்தில், இந்த வண்டிகளில், அகலமான பிரேக் இருக்கிறது. பிரேக்கை மிதிப்பவர் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு மிதிப்பார். கிளட்சை மிதிப்பவர் முழுக்காலாலும் மிதிப்பார். வண்டி சுவரில் மோதியது மாதிரி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஸ்டாம்ப் அம்மா முன்னால் வந்து விழுந்தார். விழாமல் இருக்க எந்தக் கையை முன்சீட்டில் ஊன்றக் கூடாதோ அந்தக் கையை ஊன்றிவிட்டார்.

“என்ன தம்பி, ஏதாவது குறுக்க வந்துடுச்சா?”

“இல்லம்மா” என்றார் பஞ்சு. “என் கால்தான் குறுக்க வந்துடுச்சு.”

பிளாஸ்திரியைத் தாண்டி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டி, தன் கைக்குட்டையை மடித்து அதன் மேல் வைத்து, “இதை அழுத்திப் பிடிச்சுக்குங்கம்மா” என்றார். இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து சென்டருக்கே திரும்பினார். நர்ஸ் பார்த்துக் கட்டி, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். ஸ்டாம்ப் அம்மா, “சின்ன விஷயம், விடு தம்பி” என்றார். பஞ்சுவால் விட முடியவில்லை. நேராக மானேஜர் அறைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

மானேஜர் நல்ல மனிதர். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கண்ணே.”

“என்னை வண்டியிலேர்ந்து இறக்கிடுங்க சார்.”

“எத்தனை நாளைக்கு?”

“கால் மேல எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும்.”

“வரலேன்னா?”

விற்க நிறுத்திவிட்ட பழைய வண்டிகளை இனி எடுக்க முடியாது, மாதக் கடைசியில் அவையும் போய்விடும். அதன் பிறகு அவர் ஓட்ட சென்டரில் கிளட்ச் வண்டியே கிடையாது. வாயால் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டு ஏறி உட்காரலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் பின்சீட்டில் அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே. “காலி வண்டியை எடுத்து ஓட்டிப் பழகுங்க. எப்ப தைரியமோ அப்ப நீங்களே வந்து சொல்லுங்க” என்று மானேஜர் அவரைத் தொலைபேசி எடுக்கும் மேஜைக்கு அனுப்பினார்.

அந்த மேஜையில் அவர் பட்ட பாடு தனி. போன் எடுத்தால் நலம் விசாரிப்பு.

“பஞ்சுவா? ஏன் வண்டியில வரலே, உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்கமாட்டேங்குது.”

“வீட்டுக்கு வீடு அப்படித்தான் இருக்கு, விடுங்க.”

மத்தியானத்தில் காலி வண்டியை எடுத்துப் பழகினார். யோசித்தால் சரியாக வரும், யோசனை கொஞ்சம் அசந்தால் கால் எழுந்துவிடும். மீசை ஒரு யோசனை சொன்னான். “துண்டால சீட்டோட கட்டிப் போட்டுடுங்கண்ணே.” பஞ்சு கட்டினார். நன்றாகத்தான் போனது. திரும்பி வந்து சென்டர் வாசலில், கேட்டைத் திறக்க வேண்டுமே என்று கதவைத் திறந்து இறங்கினார். உடம்பு இறங்கிவிட்டது, கால் இறங்கவில்லை. பாதி ஆள் உள்ளே, பாதி ஆள் தரையில். வாட்ச்மேன் ஓடிவந்து, எந்தப் பாதியைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றார். மீசை ஒரு பக்கம் முடிச்சை அவிழ்த்தான், ஒரு பக்கம் சிரித்தான், எது முந்தியது என்று சொல்ல முடியாது.

“சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு, எழுந்துக்கறேன்” என்றார் பஞ்சு தரையிலிருந்து.

வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் விளக்கின் முன்னால் நிற்கும் நேரம் மட்டும் கொஞ்சம் நீண்டது. ‘இந்தக் காலை அடக்கிக் கொடு. வேற ஒண்ணும் கேட்கலே’ என்பதுதான் அவர் வேண்டுதல்.

அவர் மனைவி தைப்பவர். தெருவே தையலக்கா என்று கூப்பிடும். முன்னறையில் ஜன்னலோரம் மிஷின், சுவர் முழுக்க ஆணியில் மாட்டிய ஜாக்கெட்டும் கவுனும். ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சு தட்டைப் பார்த்தபடி இருந்தார், மனசு அந்தத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தது. மேஜைக்கு அடியில் தையலக்காவின் பாதத்தை ஒரு கால் நன்றாக அழுத்தியது.

“என்னங்க, இந்த வயசுல கால் விளையாட்டா?”

பஞ்சு திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டார். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மூடி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். ஸ்டாம்ப் அம்மாவின் கை, தொலைபேசி மேஜை, துண்டு. துண்டுக் கதைக்குத் தையலக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

“மோட்டார் மிஷின் வாங்கின புதுசுல என் விரல்ல ஊசி ஏறிச்சே, ஞாபகம் இருக்கா?”

“கவனம் இல்லாம தைச்சேன்னு சொன்னியே.”

“கவனமெல்லாம் இருந்துச்சு. கால்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு காலாலேயும் ஆட்டி ஆட்டி மிதிச்சே தைச்சவ. மோட்டாருக்கு ஒரு காலால லேசாத் தொட்டாப் போதும். இந்த இன்னொரு கால் சும்மா இருக்குமா? இதுவும் போய் ஆட்டும். மிஷின் பிடுங்கிக்கிட்டு ஓடும். ஒருநாள் விரலோட சேர்த்துத் தைச்சுட்டேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லலே?”

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க.”

சிரித்திருப்பார். அதை அவர் மறுக்கவில்லை. “அப்புறம் எப்படி நின்னுச்சு?”

“எங்கே நின்னுச்சு? வந்து பாருங்க.”

பஞ்சு மிஷின் அடியில் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அங்கே அவர் குனிந்ததே இல்லை. மோட்டார் மிதிக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை. அடியில் ஒரு கட்டை கொடுத்து, ஊஞ்சல் மாதிரி ஆடும்படி வைத்திருந்தது. நடுவில் பாதத்தின் அளவுக்குத் தேய்ந்து, மரம் மினுமினு என்று இருந்தது.

“அடக்கிப் பார்த்தேன், அடங்கலே. சரி, நீ ஆட்டணுமா, இதை ஆட்டுன்னு கொடுத்துட்டேன். இன்னிக்கும் ஆட்டிக்கிட்டேதான் தைக்கிறேன். எதோடவும் சேர்ந்திருக்காத பலகை. யாருக்கு என்ன நஷ்டம்?”

பஞ்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடவுளிடம் அவர் கேட்டது காலை அடக்கச் சொல்லி. கிடைத்த பதில் வேறு. அதுவும் கேட்ட இடத்திலிருந்து நாலடி தள்ளி, மிஷினுக்கு அடியில் இவ்வளவு நாளாக ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் புது வண்டியில் குனிந்து தேடினார். பிரேக்குக்கு இடது பக்கம், ஓரத்தில், சாய்வாக ஒரு சின்ன மேடை இருந்தது. காலை வைத்துக்கொள்ளக் கட்டியது, ஒன்றோடும் சேராதது. இத்தனை நாள் அதைத் தொட்டதில்லை, ஏனென்றால் கால் அதை அடையாளம் காணவில்லை. வழுவழு என்று தகரம் மாதிரி இருந்தது. பஞ்சு மெக்கானிக்கிடம் போனார். விற்கக் கழுவி நிறுத்தியிருந்த தன் பழைய வண்டியைக் காட்டி, “இதோட கிளட்ச் மிதியில இருக்கே, அந்த ரப்பர், அதை மட்டும் கழட்டித் தா. இதுக்குப் புதுசு மாட்டிக் கொடு” என்றார்.

“எதுக்குண்ணே, ஃபிரேம் போட்டு மாட்டி மாலை போடப் போறீங்களா?”

“இல்லடா, காலுக்கு விலாசம் எழுதப் போறேன்.”

ரப்பர் ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது, அவருடைய கால் தேய்த்தது. அதை மேடையின் மேல் பசை போட்டு ஒட்டினார். ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, காலை விட்டார். கால் அங்கே இங்கே தடவிப் பார்த்து, ரப்பர் கிடைத்ததும் அதன் மேல் படுத்துக்கொண்டது.

அதன் பிறகும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டு மூன்று தடவை தப்பியது. தப்பும்போதெல்லாம் அவர் காலைத் திட்டவில்லை. “இங்க வா, இங்க வா” என்று தொலைந்த ஆளைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டு ரப்பரில் வைத்தார். கியர் மாற்ற வேண்டிய இடம் வந்தால் ரப்பரை அமுக்கினார். முழுக்க அமுக்கினார், மெதுவாக விட்டார். வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தையலக்கா கூட வந்தார். கையில் ஒரு கூடை. பின்சீட்டில் ஏறி, கூடையிலிருந்து ஊசி நூலும் கோட் ஒன்றும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ன இது?”

“பொத்தான் காஜா எடுக்கணும், நாளைக்குக் கொடுக்கணும். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. குத்திச்சுன்னா நானே சொல்றேன்.”

“வேற சோதனையே கிடைக்கலையா உனக்கு?”

“ஸ்டாம்ப் அம்மா கையை வெச்சு சோதிக்கப் போறீங்களா?”

பஞ்சு வண்டியைக் கிளப்பினார். கடைத்தெரு, பாலம், அந்தத் திருப்பம், மறுபடி கடைத்தெரு. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார் தையலக்கா. வேண்டுமென்றேதான். பால் காய்ச்சியதா, கதவைப் பூட்டியதா, மகன் போன் பண்ணினானா என்று. யோசிக்க விடக் கூடாதே. மார்க்கெட் பக்கம் ஒரு தள்ளுவண்டிக்காரர் சட்டென்று குறுக்கே இறங்கினார். வலது கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு மிதித்தது. அதே நேரம் இடது கால் ரப்பரை அடி வரைக்கும் அமுக்கியது. வண்டி தண்ணீரில் படகு கரை சேர்வது மாதிரி நின்றது. தள்ளுவண்டிக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். பஞ்சுவுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கப் பயம்.

“குத்திச்சா?”

“நூல்தான் தீர்ந்துபோச்சு” என்றார் தையலக்கா.

அடுத்த வாரமும் அவர் பழகினார், மாதக் கடைசி வந்து பழைய வண்டிகள் இரண்டும் போகும் வரைக்கும். தன்னுடையது கேட்டைத் தாண்டும்போது வாங்கியவர் கிளட்சைப் படக்கென்று விட்டுவிட்டார், வண்டி ஒரு குதி குதித்து நின்றது. “பார்த்து சார்!” என்று பஞ்சு கத்தினார். அவ்வளவுதான். திரும்பி மானேஜர் அறைக்குப் போனார்.

“சார், நான் ஓட்டறேன்.”

“பயம் போயிடுச்சா?”

“பயம் இருக்கு சார். கால் மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு. ஆனா ஸ்டாம்ப் அம்மா வேணாம்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். அவங்களையே கேட்டுக்கறேன்.”

ஸ்டாம்ப் அம்மா சிகிச்சை முடிந்து வெளியே வந்து, கொஞ்ச நாளாக வழக்கமாகிவிட்டபடி மீசைக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் புதுப் பிளாஸ்திரி. பஞ்சு எதிரே போய் நின்றார். ரப்பர் கதையை முழுக்கச் சொன்னார், பலகையையும் சேர்த்து. “இப்பவும் என் கால் மிதிச்சுக்கிட்டேதாம்மா இருக்கு. ஆனா எதையும் போய்ச் சேராத இடத்துல மிதிக்குது. உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா சொல்லிடுங்க, மீசையே வருவான். நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“அந்த மீசை பாட்டுப் போட்டுத் தலைவலி வரவைக்கிறான்” என்றார். “ஆனா ஒண்ணு. இன்னிக்கு நான் முன்சீட்டுலதான் உட்காருவேன்.”

“எதுக்கும்மா?”

“அந்தக் காலை நான் பார்க்கணும்.”

பார்த்தார். பிளாஸ்திரிக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். சென்டர் வாசலில் கால் ஒருமுறை ரப்பரை அமுக்கியது. தெருவுக்கு வந்ததும் இன்னொரு முறை. திருப்பம் வந்தது. வேகம் குறைந்தது. ஸ்டாம்ப் அம்மாவின் நல்ல கை கதவுப் பிடியை இறுக்கியது. கால் எழுந்தது, ரப்பருக்குப் போனது, முழுக்க அமுக்கியது, மெல்ல விட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

அவர் கதவுப் பிடியை விட்டார்.

“இப்ப என்ன கியர்ல போறோம்?”

“இந்த வண்டியில கியர் இல்லையேம்மா.”

“வண்டிக்கு இல்லேன்னா என்ன, உன் காலுக்கு?”

பஞ்சு ஒரு கணம் யோசித்தார். “மூணுலம்மா.”

பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை நீளமாகக் காலியாகக் கிடந்தது. ஸ்டாம்ப் அம்மா கண்ணை மேலே எடுத்து அதைப் பார்த்தார், திரும்ப அவரைப் பார்த்தார்.

“அப்ப நாலு போடேன், வீட்டுக்குப் போய் நான் படுக்கணும்.”

பஞ்சு ரப்பரை அமுக்கினார். “போட்டாச்சும்மா” என்றார்.